முதல்ல தேர்வு எழுதுங்க, அப்புறம் புத்தகம் வாங்குங்க



ஜூன் மாதம் எந்த ஊர்ப் புத்தகக் கடைக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணே, பொண்ணு நீட் எழுதப் போகுது. நல்ல கைடா ஒண்ணு குடுங்க."

"ஒண்ணு போதுமா சார்? பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி தனித்தனியா இருக்கு. கூடவே இந்த மாடல் டெஸ்ட் புக்கும் எடுத்துக்கங்க. எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

அப்பா மறுபேச்சுப் பேசமாட்டார். பிள்ளையின் படிப்பு விஷயத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நினைப்பார். கடன் வாங்கியாவது நான்கு தடிமனான புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். ஆறு மாதம் கழித்து அந்தப் புத்தகங்களை மூடி வைத்து ஓரத்தைப் பாருங்கள். முதல் இரண்டு பாடங்களின் ஓரம் மட்டும் கைபட்டு அழுக்காகியிருக்கும். மற்ற பக்கங்கள் கடையில் வாங்கியபடியே வெள்ளையாக இருக்கும்.

குறை பிள்ளையிடம் இல்லை, அப்பாவிடமும் இல்லை. எந்தப் பாடத்தில், எந்த மாதிரிக் கேள்வியில் பிள்ளை தடுமாறுகிறது என்று தெரியாமலேயே மருந்து வாங்கியதுதான் குறை. ரத்தப் பரிசோதனைக்கு முன்பே மாத்திரை வாங்குவோமா? படிப்புக்கும் அதே நியாயம்தான். முதலில் ஒரு பழைய வினாத்தாளை எழுதிப் பார்க்க வேண்டும். எந்தப் புத்தகம் வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த விடைத்தாள் சொல்லிவிடும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம், வாங்க.

எந்தத் தேர்வு உங்களுக்குத் தேவை?

புத்தகத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். எல்லாப் படிப்புக்கும் நுழைவுத் தேர்வு கிடையாது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு 2006-ம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200-க்குக் கணக்கிடப்படும் பிளஸ் டூ கட்-ஆஃப் மதிப்பெண்ணை வைத்தே கலந்தாய்வு நடக்கிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் பிளஸ் டூ மதிப்பெண்தான் பார்க்கப்படுகிறது. "பையன் அண்ணா யுனிவர்சிட்டில சேரணும், அதுக்கு ஜே.இ.இ. கைடு வாங்கணும்" என்று செலவு செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பணமும் நேரமும் பொதுத்தேர்வுக்குப் போயிருந்தால் கட்-ஆஃப் கூடியிருக்கும்.

நுழைவுத் தேர்வு தேவைப்படும் முக்கியமான இடங்கள் இவை:

எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., சித்தா, ஆயுர்வேதம் போன்ற மருத்துவப் படிப்புகளுக்கு நீட்.

திருச்சி என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின். ஐ.ஐ.டி.க்குப் போக அதைத் தாண்டி ஜே.இ.இ. அட்வான்ஸ்டு.

திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு க்யூட்.

திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட்.

பி.ஆர்க். படிக்க நாட்டா அல்லது ஜே.இ.இ. மெயினின் இரண்டாம் தாள்.

இவற்றில் எது உங்களுக்கானது என்று முடிவான பிறகு அடுத்த படிக்கு வாருங்கள். நுழைவுத் தேர்வு எழுதினாலும் பொதுத்தேர்வை விட்டுவிட முடியாது. என்.ஐ.டி. சேர்க்கைக்கு, பொதுப்பிரிவு மாணவர் பிளஸ் டூவில் 75% மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும், அல்லது தன் கல்வி வாரியத்தில் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்திருக்க வேண்டும்.

முதல் வேலை: ஒரு பழைய வினாத்தாள்

நீட், ஜே.இ.இ. மெயின், க்யூட் ஆகிய மூன்றையும் நடத்துவது தேசியத் தேர்வு முகமை, அதாவது என்.டி.ஏ. முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றைப் பதிவிறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் கடையில் ஆகும் செலவு ஒரு கைடின் விலையில் சிறு பங்குதான்.

"இன்னும் பாடமே முடிக்கல, இப்ப எழுதி என்ன ஆகப்போகுது?" என்று பிள்ளை கேட்கும். நியாயமான கேள்விதான். மதிப்பெண் குறைவாகத்தான் வரும். இந்தத் தேர்வு மதிப்பெண்ணுக்காக அல்ல. முடித்த பாடங்களின் கேள்விகளை மட்டும் எழுதினாலும் போதும். கேள்வி எப்படி வருகிறது, எவ்வளவு நீளம், எங்கே கை நிற்கிறது என்பது தெரிந்தால் சரி.

எழுதிப் பார்ப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பப் படிக்கும்போது "எல்லாம் தெரியுது" என்ற நினைப்பு வந்துவிடும். எழுதிப் பார்த்தால்தான் உண்மையில் எவ்வளவு தெரியும் என்பது புரியும்.

விடைத்தாளை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்

தேர்வு எழுதி முடித்ததும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்து மூன்று கட்டம் போடுங்கள். தவறாகப் போன கேள்விகளையும் எழுதாமல் விட்ட கேள்விகளையும் ஒவ்வொன்றாக அந்தக் கட்டங்களில் எழுதுங்கள்.

முதல் கட்டம்: தெரியாதது. பாடமே புரியவில்லை, அல்லது சூத்திரம் நினைவில் இல்லை.

இரண்டாம் கட்டம்: தெரிந்தும் தவறியது. கேள்வியில் "சரியல்லாதது எது" என்று இருந்ததை "சரியானது எது" என்று படித்தது, அலகை மாற்ற மறந்தது, கூட்டலில் பிசகியது, ஓ.எம்.ஆர். தாளில் பக்கத்து வட்டத்தை நிரப்பியது.

மூன்றாம் கட்டம்: நேரம் போதாதது. நிதானமாக உட்கார்ந்தால் போட்டிருக்கலாம், ஆனால் அதற்குள் மணி அடித்துவிட்டது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நீட் இயற்பியலில் 45 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். ஒரு மாணவி 14 சரி, 19 தவறு, 12 எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம். 56-ல் 19 போனால் 37 மதிப்பெண். மனசு சோர்ந்துவிடும்தான். "பிசிக்ஸ்ல வீக், பெரிய கைடு வாங்கணும்" என்றுதான் தோன்றும்.

இப்போது கட்டத்தைப் பார்ப்போம். கை நழுவிய 31 கேள்விகளில் தெரியாதது 12. தெரிந்தும் தவறியது 11. நேரம் போதாமல் விட்டது 8. தெரிந்தும் தவறிய அந்த 11-ம் தவறாகக் குறித்தவை. தவறாகக் குறித்த ஒரு விடை சரியானால், போன 1 திரும்பி வந்து, 4-ம் சேரும். ஆக ஒரு கேள்விக்கு 5 மதிப்பெண் கூடும். 11 கேள்விக்கு 55 மதிப்பெண். 37 என்பது 92 ஆகிவிடும். இதற்கு ஒரு புத்தகமும் வாங்க வேண்டியதில்லை. கேள்வியை முழுதாகப் படித்து, "அல்லாதது" என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டு, அலகைச் சரிபார்க்கும் பழக்கம் வந்தால் போதும்.

தெரியாத 12 கேள்விகளைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று பாடங்களுக்குள் அடங்கிவிடும். மின்னோட்டவியல், கதிர் ஒளியியல் என்று பெயர் குறிக்க முடியும். அந்தப் பாடங்களுக்குப் பள்ளிப் பாடப்புத்தகத்தைத் திரும்ப எடுங்கள். அதிலும் புரியவில்லை என்றால்தான், அந்தப் பாடங்களை நன்றாக விளக்கும் ஒரு வழிகாட்டி நூல் தேவை. நேரம் போதாத 8 கேள்விகளுக்கு வேண்டியது, கடிகாரம் வைத்துப் போட்டுப் பழகும் சிறு சிறு தேர்வுகள்.

இந்த மூன்று கட்ட நோட்டோடு கடைக்குப் போங்கள். இப்போது கடைக்காரர் எதைக் காட்டினாலும், உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லலாம்.

கடையில் பத்து நிமிடம்

புத்தகத்தைக் கையில் வாங்கியதும் அட்டையைப் பார்க்காதீர்கள். அட்டையில் எல்லாமே "நம்பர் ஒன்"தான். கீழ்க்கண்ட ஐந்தையும் பாருங்கள்.

ஒன்று, தேர்வு முறை. மாதிரித் தேர்வுகளின் முதல் பக்கத்தில் உள்ள அறிவுரைகளைப் படியுங்கள். நீட் தேர்வில் 2021 முதல் 2024 வரை 200 கேள்விகள் தந்து 180-க்கு விடை எழுதச் சொன்னார்கள். 2025-ல் அந்த விருப்பத் தேர்வு நீக்கப்பட்டு, 180 கேள்வி, 180 நிமிடம், 720 மதிப்பெண் என்று ஆனது. ஜே.இ.இ. மெயினில் எண் விடை எழுதும் பகுதியில் 10-க்கு 5 என்று இருந்தது, 2025-ல் ஐந்து கேள்வி, ஐந்தும் கட்டாயம் என்று மாறியது. இப்போது மொத்தம் 75 கேள்வி, 300 மதிப்பெண். க்யூட்டிலும் 2025-ல் விருப்பத் தேர்வு போய், ஒவ்வொரு தாளுக்கும் 50 கேள்வி, 60 நிமிடம் என்று வந்தது. ஆகவே "பகுதி ஆ-வில் ஏதேனும் 10-க்கு விடையளி" என்று புத்தகத்தில் இருந்தால் உள்ளே இருப்பது பழைய சரக்கு. அட்டையில் புது வருடம் அச்சடித்திருந்தாலும் ஏமாறாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டை என்.டி.ஏ. இணையதளத்தில் ஒருமுறை படித்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

இரண்டு, பாடத்திட்டம். நீட் பாடத்திட்டத்தைத் தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்வுக்காகக் குறைத்தது. வேதியியலில் திண்ம நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உயிரியலில் செரித்தலும் உட்கிரகித்தலும் போன்றவை நீக்கப்பட்டன. இவற்றுக்கெல்லாம் பக்கம் பக்கமாகக் கேள்வி தரும் நீட் கைடு உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். ஆனால் ஒரு எச்சரிக்கை. திண்ம நிலைமையும் புறப்பரப்பு வேதியியலும் நம் மாநிலப் பிளஸ் டூ பாடப்புத்தகத்தில் உள்ள பாடங்கள். நீட்டில் இல்லை என்று பொதுத்தேர்விலும் விட்டுவிடாதீர்கள்.

மூன்று, விடை சரியா? முந்தைய ஆண்டு வினாக்கள் உள்ள பக்கத்தைத் திறந்து, அங்கங்கே பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுங்கள். என்.டி.ஏ. வெளியிட்ட இறுதி விடைக்குறிப்பைச் செல்போனில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். பத்தில் இரண்டு மாறினாலும் அந்தப் புத்தகத்தை மெதுவாகக் கீழே வைத்துவிடுங்கள். தவறான விடையைப் படித்துப் பழகினால் அதை மனதிலிருந்து அழிப்பது கஷ்டம்.

நான்கு, விளக்கம். உங்கள் நோட்டின் முதல் கட்டத்தில் உள்ள ஒரு கேள்வியைப் போலவே புத்தகத்தில் ஒரு கேள்வியைத் தேடுங்கள். "விடை: இ" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. இ ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று சொல்லியிருக்கிறதா? படித்ததும் உங்களுக்குப் புரிந்ததா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிடித்த புத்தகம் உங்களுக்குப் புரியாமல் போகலாம். புரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஐந்து, அளவு. ஆயிரம் பக்கம் உள்ள புத்தகத்தை முடிக்க உங்களிடம் நாள் இருக்கிறதா? மீதியுள்ள நாட்களால் பக்கங்களை வகுத்துப் பாருங்கள். 150 நாளில் 1,200 பக்கம் என்றால் ஒரு நாளைக்கு 8 பக்கம். அது ஒரு பாடத்துக்கு மட்டும். மூன்று பாடத்துக்கு 24 பக்கம். பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம் போக இது முடியுமா என்று பிள்ளையையே கேளுங்கள்.

பழைய புத்தகக் கடையைக் கண்டு தயங்க வேண்டாம். சென்னை மூர் மார்க்கெட் போன்ற இடங்களில் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு. கருத்தை விளக்கும் நூல்கள் சீக்கிரம் பழசாகாது. நியூட்டன் விதி அப்படியேதான் இருக்கிறது. மாதிரித் தேர்வுப் புத்தகம்தான் சீக்கிரம் பழசாகும். அதை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

தமிழ்வழி மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

நீட், ஜே.இ.இ. மெயின், க்யூட் மூன்றையும் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். தமிழைத் தேர்ந்தெடுத்தால் நீட் வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று விதி சொல்கிறது. ஆகவே ஒவ்வொரு பாடத்தின் கலைச்சொற்களையும் இரண்டு மொழியிலும் தெரிந்துவைப்பது அவசியம். ஒளிச்சேர்க்கை என்று படிக்கும்போதே போட்டோசிந்தசிஸ் என்பதையும் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாடத்துக்கு முப்பது சொல் என்று எழுதினாலே பெரிய பயம் விலகிவிடும்.

தமிழ்க் கைடு வாங்கும்போது கலைச்சொற்கள் அரசுப் பாடநூலோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பாடநூலில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. ஆற்றல் வேறு, திறன் வேறு. ஒரு கைடில் இவற்றை மாற்றி மாற்றிப் போட்டிருந்தால், மொழிபெயர்த்தவருக்குப் பாடம் தெரியவில்லை என்று அர்த்தம். அது வேண்டாம்.

நீட்டுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைத்தான் படிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். உயிரியலுக்கு அது உண்மையிலேயே உதவும். அது ஆங்கிலத்தில் இலவசமாக இணையத்தில் கிடைக்கிறது. அதற்காக நம் பாடநூலைத் தூக்கிப் போட வேண்டாம். முதலில் நம் பாடநூலில் பாடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பிறகு அதே பாடத்தை என்.சி.இ.ஆர்.டி.யில் திறந்து, நம் நூலில் இல்லாத படம், அட்டவணை, எடுத்துக்காட்டு எது என்று பார்த்து அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாதிரித் தேர்வை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மாதிரித் தேர்வு நிஜத் தேர்வைப் போலவே இருக்க வேண்டும். நீட் ஓ.எம்.ஆர். தாளில் எழுதும் தேர்வாக இருக்கும் வரை, செல்போனில் விரலால் தொட்டுப் பழகினால் மட்டும் போதாது. ஓ.எம்.ஆர். மாதிரித் தாளை அச்செடுத்து, பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தை நிரப்பிப் பழகுங்கள். 180 வட்டம் நிரப்பவே கணிசமான நேரம் ஆகும். உயிரியலுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65, வட்டம் நிரப்பிச் சரிபார்க்க 15 என்று பிரித்தால் 180 நிமிடம் சரியாக வரும். இது ஒரு தொடக்கம்தான். இரண்டு மூன்று தேர்வு எழுதியதும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜே.இ.இ. மெயினும் க்யூட்டும் கணினியில் நடப்பவை. அவற்றுக்குக் கணினியில் உட்கார்ந்து பழகுவது அவசியம். வீட்டில் கணினி இல்லையென்றால் உங்கள் அரசுப் பள்ளியின் ஹைடெக் லேபில் வாரம் ஒரு முறை எழுத அனுமதி கேளுங்கள். தலைமையாசிரியரிடம் நாலைந்து மாணவர்கள் சேர்ந்து போய்க் கேட்டால் வேலை எளிதில் முடியும்.

தேர்வின் எண்ணிக்கையை வைத்து வாங்காதீர்கள். "100 மாதிரித் தேர்வு" என்று விளம்பரம் செய்வார்கள். மூன்று மணி நேரம் தேர்வு எழுதினால் அதைத் திருத்திப் புரிந்துகொள்ள இன்னொரு மூன்று மணி நேரம் வேண்டும். நூறு தேர்வுக்கு அப்படி 600 மணி நேரம் ஆகும். பிளஸ் டூ மாணவருக்கு அது எங்கே கிடைக்கும்? தொடக்கத்தில் வாரம் ஒரு பாடத் தேர்வு, மாதம் ஒரு முழுத் தேர்வு. கடைசி இரண்டு மாதங்களில் வாரம் ஒரு முழுத் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்ட நோட்டு. திருத்தாமல் எழுதும் நூறு தேர்வைவிட, திருத்தி எழுதும் பதினைந்து தேர்வு மேல்.

குருட்டாம்போக்கில் குறிக்கலாமா?

மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு விடைகளில் எதுவுமே தெரியாமல் 20 கேள்விகளைக் குறித்தால், சராசரியாக 5 சரியாக இருக்கும், 15 தவறாக இருக்கும். 20-ல் 15 போனால் கிடைப்பது 5 மதிப்பெண். அதிர்ஷ்டம் சரியில்லையென்றால் அதுவும் போய், இருக்கிற மதிப்பெண்ணும் குறையும். ஆனால் நான்கில் இரண்டு நிச்சயம் தவறு என்று தள்ளிவிட முடிந்தால் கதையே வேறு. அதே 20 கேள்விகளில் சராசரியாக 10 சரி, 10 தவறு. 40-ல் 10 போனால் 30 மதிப்பெண்.

ஆக, பயிற்சியில் நாம் கற்க வேண்டியது, தவறான விடையைத் தள்ளிவிடும் திறமை. மற்ற மூன்றும் ஏன் தவறு என்று விளக்கும் புத்தகத்தை வாங்கச் சொன்னது இதனால்தான்.

பணம் கட்டும் முன்

"எங்கள் புத்தகத்திலிருந்து 160 கேள்வி வந்தது" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் மயங்காதீர்கள். எல்லோரும் ஒரே பாடத்திட்டத்திலிருந்துதான் கேள்வி எடுக்கிறார்கள். பல்லாயிரம் கேள்வி போட்ட எந்தப் புத்தகமும் இப்படிச் சொல்லிக்கொள்ளலாம். நம் அரசுப் பாடநூலும்கூடச் சொல்லலாம், அது அடக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆன்லைன் மாதிரித் தேர்வுகளுக்கு ஆண்டுச் சந்தா கட்டும் முன் இலவசமாகத் தரும் ஒரு தேர்வையாவது எழுதிப் பாருங்கள். பணம் திரும்பத் தருவார்களா, எந்த நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரசீது முக்கியம். பயிற்சி நிறுவனங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வெற்றி பெற்ற மாணவரின் படத்தைப் போட்டால், அவர் எந்தப் பயிற்சியில் சேர்ந்தார், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

"வினாத்தாள் கையில் இருக்கு, பணம் அனுப்புங்க" என்று செல்போனில் வரும் செய்தியைத் தொடவே தொடாதீர்கள். பொதுத் தேர்வுகளில் முறைகேடு செய்வோரைத் தண்டிக்க 2024-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. பணமும் போகும், பிள்ளையின் நிம்மதியும் போகும்.

காசில்லாமல் கிடைப்பவை

மத்தியக் கல்வி அமைச்சகமும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 2023-ல் தொடங்கிய சாத்தி இணையதளத்தில் நுழைவுத் தேர்வுகளுக்கான பாடங்களும் பயிற்சித் தேர்வுகளும் இலவசம். நம் மாநிலப் பாடநூல்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகங்களில் போட்டித் தேர்வு நூல்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. உங்கள் மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். வாங்க நினைக்கும் கைடை அங்கே இரண்டு நாள் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொரு பாடத்துக்கு வாங்கி மாற்றிக்கொள்வதும் நல்ல யோசனை.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5% உள் ஒதுக்கீடு உண்டு. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் உண்டு. பள்ளிச் சான்றிதழ்களை இப்போதே பத்திரமாக எடுத்து வையுங்கள். உயர்கல்வி குறித்த சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணை அழைக்கலாம்.

பெற்றோர்களே, கடைசியாக ஒன்று. மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் "இவ்வளவு செலவு பண்ணியும் இதானா?" என்று கேட்டுவிடாதீர்கள். குறைந்த மதிப்பெண்ணைக் காட்டத்தானே மாதிரித் தேர்வு எழுதுகிறோம்? திட்டினால் அடுத்த முறை பிள்ளை விடைத்தாளை மறைத்துவிடும். பிறகு எங்கே தடுமாறுகிறது என்று யாருக்கும் தெரியாது. "மூணு கட்டத்துல எது குறைஞ்சிருக்கு, காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். பிள்ளை சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். 104, 14416 ஆகிய எண்களில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. தயங்காமல் கூப்பிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

திங்கள்: எந்தத் தேர்வு என்று முடிவு செய்து, அதன் தகவல் கையேட்டைப் படியுங்கள்.

செவ்வாய்: ஒரு பழைய வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் பதிவிறக்குங்கள்.

சனி: கடிகாரம் வைத்து எழுதுங்கள்.

ஞாயிறு: திருத்தி, மூன்று கட்ட நோட்டைப் போடுங்கள்.

அதற்கடுத்த வாரம் நூலகத்துக்கும் புத்தகக் கடைக்கும் போங்கள், நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு. ஒரு புத்தகம் வாங்கித் திரும்பலாம், வெறுங்கையோடும் திரும்பலாம். இரண்டும் நல்ல முடிவுதான். வாங்கிய புத்தகத்தின் ஓரம் கடைசிப் பக்கம் வரை அழுக்காகட்டும். வாழ்த்துகள்!